முடக்குவாதம் உள்ளவர்களுக்கு விடாமல் வரும் தொற்று: எந்த மருந்தை நிறுத்தலாம், எதை நிறுத்தவே கூடாது?

#1 வடகரப்பதி_களப்பணி

எல்லாருக்கும் வணக்கங்க. கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி பக்கம் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறவங்களுக்காகக் கேட்கிறேன். இங்கே முடக்குவாதத்துக்கு (ருமட்டாய்டு மூட்டுவாதம்) மருந்து கோவையிலோ பொள்ளாச்சியிலோ எழுதுகிறாங்க. காய்ச்சல், சளி, நீர்க்கடுப்பு வந்தால் இந்தப் பக்கம் சித்தூர், பாலக்காட்டில் காட்டுகிறாங்க. ஒரு சீட்டை இன்னொருத்தர் பார்ப்பதே இல்லை.

பெரும்பாலும் 50 வயது தாண்டிய பெண்கள். வாரம் 15 மி.கி. மெத்தோட்ரெக்சேட், தினமும் 5 அல்லது 7.5 மி.கி. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. வயல் வேலை, மாடு கன்று வேலை இரண்டும் உண்டு. திரும்பத் திரும்ப வருவது மூன்று: நீர்க்கடுப்பு, காலையில் கட்டிச் சளி, கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண். காய்ச்சல் வந்ததும் சிலர் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுகிறாங்க, சிலர் எதையும் நிறுத்தாமல் விழுங்குகிறாங்க. மருந்து மருந்தாகப் பிரித்துச் சொல்ல முடியுமா?

#2 மூட்டு_மருத்துவர்

நல்ல கேள்விம்மா. முதலில் நிறுத்தவே கூடாததைச் சொல்லிவிடுகிறேன்: பிரெட்னிசோலோன். மூன்று வாரத்துக்கு மேல் தினமும் 5 மி.கி. அல்லது கூடுதலாகச் சாப்பிட்டவருக்கு அட்ரீனல் சுரப்பி தூங்கிப் போயிருக்கலாம். காய்ச்சல் நேரத்தில் உடம்புக்கு ஸ்டீராய்டு அதிகம் தேவை. அந்த நேரம் பார்த்து நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழும், சர்க்கரை விழும், வாந்தி நிற்காது. காய்ச்சல் நாட்களில் வழக்கமான அளவை இரட்டிப்பாக்கி, தேறியதும் பழைய அளவுக்கு வருவதுதான் நடைமுறை. வாந்தியால் மாத்திரை தங்கவில்லை என்றால் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. ஊசி போடும் இடத்துக்கு உடனே போக வேண்டும்.

வாதத்துக்கான மற்ற மாத்திரைகளில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் தொற்றைக் கூட்டுவதில்லை, தொடரலாம். சல்பாசலசினும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் காய்ச்சலோடு தொண்டைப்புண் வந்தால் வெள்ளணு எண்ணிக்கை பார்க்காமல் அடுத்த மாத்திரை வேண்டாம்.

மெத்தோட்ரெக்சேட்: சாதாரணச் சளிக்கு நிறுத்தத் தேவையில்லை. ஆன்டிபயாட்டிக் தேவைப்படும் காய்ச்சல், நிமோனியா, வயிற்றுப்போக்கால் நீர்வற்றல் என்றால் அந்த வார மாத்திரையைத் தள்ளிவைத்து, ஆன்டிபயாட்டிக் முடிந்து தேறியபின் தொடங்கலாம். ஒன்றிரண்டு வாரம் விட்டதால் மூட்டு உடனே வீங்கிவிடாது. நீர்வற்றிய உடம்பில் சிறுநீரகம் இந்த மருந்தை வெளியேற்றாது. அதோடு டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு.

லெஃப்லுனோமைட் என்ற வாத மாத்திரையை நிறுத்தினாலும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் உடம்பில் தங்கும். கடுமையான தொற்றில் அதைக் கழுவியெடுக்க கொலஸ்டிரமின் 8 கிராம், நாளுக்கு மூன்று வேளை, 11 நாள் கொடுப்பார்கள். அது மருத்துவமனை வேலை. டோஃபாசிட்டினிப் மாத்திரை, அடலிமுமாப், எட்டனர்செப்ட் போன்ற உயிரியல் ஊசிகள்: ஆன்டிபயாட்டிக் தேவைப்படும் எந்தத் தொற்றிலும் அடுத்த டோஸ் நிற்க வேண்டும்.

#3 புழையோர_மருந்தகம்

டாக்டர் சொன்னதோடு மருந்துக்கடைக் கோணத்தில் ஒன்று, சிவப்பு மையில் எழுத வேண்டியது. மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவருக்கு கோட்ரைமாக்சசோல் கொடுக்காதீங்க. சல்பமெத்தாக்சசோல், டிரைமெத்தோப்ரிம் சேர்ந்த அந்தப் பழைய மலிவு மாத்திரைதான். நீர்க்கடுப்புக்கும் பேதிக்கும் இன்னும் எழுதுகிறாங்க. இரண்டுமே ரத்த அணு உருவாகத் தேவையான ஃபோலேட் என்ற வைட்டமினைத் தடுப்பவை. போதாததற்கு சல்பா பகுதி மெத்தோட்ரெக்சேட் சிறுநீரில் வெளியேறுவதையும் குறைக்கும். சில நாளிலேயே எலும்பு மஜ்ஜை அடங்கி வெள்ளணு, தட்டணு எல்லாம் சரியும்.

முதல் அடையாளம் வாய்ப்புண். இதை "உடம்புச் சூடு" என்று இளநீர் குடித்துத் தள்ளிப்போடுகிறாங்க. மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவருக்கு வாய் வெந்து, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே முழு ரத்த அணு எண்ணிக்கை, கிரியாட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை), ஈரல் பரிசோதனை. இந்த நச்சை முறிக்கும் மருந்து ஃபோலினிக் அமிலம். வாராவாரம் சாப்பிடும் ஃபோலிக் மாத்திரை அதற்குப் போதாது.

இதே வாய்ப்புண் வர இன்னொரு வழி, வார மாத்திரையைத் தினமும் விழுங்குவது. சீட்டில் கிழமையை எழுதச் சொல்லுங்க: "மெத்தோட்ரெக்சேட் – ஞாயிறு மட்டும், ஃபோலிக் 5 மி.கி. – திங்கள்". எல்லை தாண்டி வருகிற சீட்டில் ஒன்று தமிழிலும் ஒன்று மலையாளத்திலும் இருந்தால், கிழமையை இரண்டு மொழியிலும் எழுதிக் கொடுப்பது கடைக்காரர் கடமை.

#4 வடகரப்பதி_களப்பணி

அப்போ நீர்க்கடுப்புக்கு என்னதாங்க கொடுப்பாங்க? மாசா மாசம் வருகிறவங்க இருக்காங்க.

#5 ஆழியாறு_லேப்

கொடுப்பதற்கு முன்னால் சிறுநீர் கல்ச்சர்ங்க, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை. திரும்பத் திரும்ப வருகிறவருக்கு அனுமானத்தில் மருந்து கொடுப்பது வீண். கழுவித் துடைத்துவிட்டு, முதல் பகுதியை விட்டு நடுச் சிறுநீரைக் கிருமிநீக்கிய டப்பாவில் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்கு வர வேண்டும். முடியாவிட்டால் குளிர்பெட்டியில். கொழிஞ்சாம்பாறையிலிருந்து மதிய வெயிலில் பஸ்ஸில் வந்த மாதிரியில் எல்லாமே வளரும், முடிவுக்கு அர்த்தம் இருக்காது.

எரிச்சலும் கடுப்பும் இல்லாமல் கல்ச்சரில் மட்டும் கிருமி வந்தால் பொதுவாக மருந்து தேவையில்லை. தலைகீழாக, சீழணு நிறைய, கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை, இது மறுபடி மறுபடி வருகிறது என்றால் சிறுநீரகக் காசநோயை நினைக்க வேண்டும். விடிகாலைச் சிறுநீரைத் தனியாகக் காசநோய்ப் பரிசோதனைக்கு அனுப்பணும். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களிடம் இதைத் தவறவிடுவது சுலபம்.

#6 மூட்டு_மருத்துவர்

சிறுநீர்ப்பையோடு நிற்கும் தொற்றுக்கு, சிறுநீரகம் நன்றாக இருந்தால் நைட்ரோஃபுரன்டாயின் 100 மி.கி. இரண்டு வேளை 5 நாள், அல்லது ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் ஒரே தடவை. குளிர்க்காய்ச்சல், விலா வலி இருந்தால் இவை போதாது, ரத்தத்தில் போய்ச் சேரும் மருந்து வேண்டும்.

நைட்ரோஃபுரன்டாயினைத் "தடுப்புக்கு" என்று மாதக்கணக்கில் தினமும் கொடுப்பதை முடக்குவாதக்காரர்களிடம் நான் ஏற்பதில்லை. அது நுரையீரலைத் தழும்பாக்கக் கூடியது. முடக்குவாதமும் செய்யும், மெத்தோட்ரெக்சேட்டும் அரிதாக நுரையீரல் அழற்சி தரும். பிறகு மூச்சு வாங்கினால் யாரைக் குற்றம் சொல்வது?

மாதவிடாய் நின்றவருக்கு உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு தொற்றின் எண்ணிக்கையைக் குறைக்கும். சிறுநீர் கழித்தபின் பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, கை விரல் கோணியவரால் சரியாகக் கழுவ முடியாது. எழுந்து போவது வலி என்பதால் தண்ணீரே குடிக்காமல் இருப்பார். குளியலறையில் கைக்குழாய் ஒன்று வைத்துக் கொடுப்பது ஒரு ஆன்டிபயாட்டிக் வேளைக்குச் சமம்.

#7 புழையோர_மருந்தகம்

டாக்டர், கடுப்பு மட்டும் என்றால் அந்த வார மெத்தோட்ரெக்சேட்டை விடணுமா, வேண்டாமா? இரண்டு விதமாகவும் சொல்கிறாங்க.

#8 மூட்டு_மருத்துவர்

காய்ச்சல் இல்லாத வெறும் கடுப்புக்குப் பலர் தொடர்கிறார்கள், தவறில்லை. சிறுநீரகம் சுமாராக இருப்பவரிடம் நான் ஒரு வாரம் தள்ளிவைப்பேன். பென்சிலின் வகையும் சிப்ரோஃப்ளாக்சசினும் மெத்தோட்ரெக்சேட் வெளியேற்றத்தைக் கொஞ்சம் குறைக்கும். நல்ல சிறுநீரகத்தில் அது பொருட்டில்லை, கிரியாட்டினின் ஏறியவரிடம் பொருட்டு.

#9 காசநோய்ப்பிரிவு_செவிலி

காலைச் சளி பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்று நாம் எல்லாருக்கும் சொல்வதை, இவர்களுக்கு அவ்வளவு நாள் காத்திருக்காமல் செய்யணும். சளி சிபிநாட் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை), நெஞ்சு எக்ஸ்ரே. எச்சில் துப்பிக் கொடுத்தால் பயனில்லை. வாய் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து இருமி எடுத்த காலைச் சளி வேண்டும்.

லீவோஃப்ளாக்சசின் வகையைச் சளிக்கு அனுமானத்தில் எழுதுவதை எங்கே பார்த்தாலும் கேள்வி கேளுங்க. அது காசநோய்க் கிருமியையும் பாதி அடக்கும். பத்து நாள் நன்றாக இருந்து மறுபடி வரும், சளிப் பரிசோதனையும் "காசநோய் இல்லை" என்று பொய்யாகக் காட்டும். ஸ்டீராய்டு சாப்பிடும் வயதானவருக்குக் குதிகால் நரம்பு அறுந்துபோகும் ஆபத்தும் அதில் கூடுதல்.

உயிரியல் ஊசியோ டோஃபாசிட்டினிப்போ தொடங்கும் முன் மறைந்திருக்கும் காசநோய் பார்ப்பது கட்டாயம். தோல் பரிசோதனையை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் படிக்கணும். சிவப்பை அளக்காதீங்க, தடிப்பை விரலால் தொட்டு அளங்க. இவர்களுக்கு 5 மி.மீ. இருந்தாலே பாசிட்டிவ். ஸ்டீராய்டு அதிகம் என்றால் இக்ரா ரத்தப் பரிசோதனையே "தெளிவில்லை" என்று வரலாம். அதை "இல்லை" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பாசிட்டிவ், ஆனால் நோய் இல்லை என்றால் தடுப்பு மருந்து: ஐசோனியாசிட் தினமும் கிலோவுக்கு 5 மி.கி., அதிகபட்சம் 300, ஆறு மாதம், கூடவே பைரிடாக்சின். அல்லது ஐசோனியாசிட்டும் ரிஃபாபென்டினும் வாரம் ஒரு முறை, 12 டோஸ். அரசுத் திட்டத்தில் இலவசம். நிக்‌ஷய் (அரசின் காசநோய்ப் பதிவு) எண் நாடு முழுவதும் ஒன்றுதான். கோவையில் பதிந்ததைப் பாலக்காட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம், புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. குறைந்தது ஒரு மாதம் தடுப்பு மருந்து போனபின் உயிரியல் ஊசியைத் தொடங்குவது வழக்கம். ஐசோனியாசிட்டும் மெத்தோட்ரெக்சேட்டும் இரண்டுமே ஈரலைத் தொடுபவை. மாதம் ஒரு தடவை ஈரல் பரிசோதனை, மது கூடவே கூடாது.

#10 மூச்சுப்_பயிற்சி

காசநோய் இல்லை என்று உறுதியான பிறகும் தினமும் அரைக் கிண்ணம் சளி வந்தால் மூச்சுக்குழல் விரிவு இருக்கலாம். முடக்குவாதத்தோடு சேர்ந்து வருவது அது, சி.டி. ஸ்கேனில்தான் தெளிவாகத் தெரியும். இங்கே ஆன்டிபயாட்டிக்கைவிட சளியை வெளியேற்றுவதுதான் முக்கிய மருந்து.

காலை, மாலை 15–20 நிமிடம். முதலில் மூச்சுக்குழலைத் தளர்த்தும் சால்பியூட்டமால், பத்து நிமிடம் கழித்து 3% உப்புநீர் நெபுலைசர். பிறகு சாதாரண மூச்சு. நெஞ்சு விரிய மூன்று நான்கு ஆழ்மூச்சு, ஒவ்வொன்றையும் மூன்று நொடி பிடித்து. மறுபடி சாதாரண மூச்சு. அதன்பின் வாயைத் திறந்து கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் இரண்டு வேகமான ஊதல். தொண்டை கிழிய இருமினால் குழல் சுருங்கிச் சளி உள்ளேயே நிற்கும். கோணிய விரலால் இன்ஹேலரை அழுத்த முடியாதவருக்கு ஸ்பேசரும் வேண்டும், அழுத்திக் கொடுக்க ஒரு ஆளும் வேண்டும். நெபுலைசர் கிண்ணத்தை ஒவ்வொரு முறையும் கழுவி, கொதிக்கவைத்து ஆறிய நீரில் அலசி, முழுசாக உலர்த்தணும். ஈரக் கிண்ணத்தில் சூடோமோனாஸ் வளரும்.

கழுத்து எலும்பின் மேல் மூட்டு தளர்ந்த முடக்குவாதக்காரரைத் தலைகீழாகச் சாய்த்துத் தட்டாதீங்க. கழுத்து எக்ஸ்ரே பார்க்காமல் அந்த நிலை வேண்டவே வேண்டாம்.

#11 மூட்டு_மருத்துவர்

அருமை. ஒன்று சேர்க்கிறேன். இவர்களுக்கு வாரம் மூன்று நாள் அசித்ரோமைசினை நீண்டநாள் கொடுப்பது உண்டு. அதற்கு முன் காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியா இல்லை என்று திரவ கல்ச்சரில் பார்த்தாக வேண்டும். இருந்து, தனி அசித்ரோமைசின் போனால், பிறகு அந்த வகை மருந்துக்கே கிருமி மசியாது. ஹைட்ராக்சிகுளோரோகுயினும் சாப்பிடுபவரென்றால் ஈ.சி.ஜி. எடுத்து க்யூ.டி. என்ற இதயத் துடிப்பு இடைவெளியைப் பார்க்கணும், இரண்டுமே அதை நீட்டும்.

#12 புழையோர_மருந்தகம்

சேற்றுப்புண்ணுக்கு வருகிறேன். கிளோபெட்டசோல் கலந்த கூட்டுக் களிம்புதான் இதைத் தீராமல் வைத்திருக்கிறது. ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், பூஞ்சை அடியில் பரவும். டெர்பினாஃபின் 1% களிம்பு மட்டும், கழுவி இடுக்கை நன்றாக உலர்த்திய பிறகு, 2 முதல் 4 வாரம். அரிப்பு நின்றதும் விட்டுவிடக் கூடாது. அந்த வெடிப்பு வழியாகத்தான் கால் வீங்கிச் சிவக்கும் செல்லுலைட்டிஸ் வருகிறது.

அடுத்தது அக்கி. நம் பக்கம் இன்னும் காவி குழைத்து அக்கி எழுதிவிட்டு வருகிறாங்க. எழுதுவதை நான் தடுக்கவில்லை, ஆனால் முதலில் மாத்திரை. கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் வாலசைக்ளோவிர் 1 கிராம் மூன்று வேளை, 7 நாள். சிறுநீரகம் குறைந்தவருக்கு அளவு குறையும். டோஃபாசிட்டினிப் சாப்பிடுபவருக்கு அக்கி அதிகம் வரும். கொப்புளம் காய்ந்து பொருக்கு கட்டும்வரை அதை நிறுத்தணும். கண் பக்கமோ மூக்கு நுனியிலோ வந்தால் அன்றே கண் மருத்துவர்.

#13 வடகரப்பதி_களப்பணி

மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் கொடுக்கிறோமே, இவங்களுக்கும் கொடுக்கலாமுங்களா?

#14 புழையோர_மருந்தகம்

கொடுக்கணுங்க, சேற்றில் இறங்குபவர் என்றால் கட்டாயம். 200 மி.கி. வாரம் ஒரு முறை, சாப்பிட்டபின், ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு, அரை மணி நேரம் படுக்காமல். இவர்களிடம் இரண்டு சிக்கல். ஸ்டீராய்டுக்காகக் கால்சியம் சாப்பிடுவாங்க. கால்சியம், இரும்பு, பால் மூன்றும் டாக்ஸியைக் குடலிலேயே கட்டிப்போடும், இரண்டு மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு முறை அலென்ட்ரோனேட் சாப்பிடுபவர் அதையும் டாக்ஸியையும் ஒரே நாளில் போட்டால் உணவுக்குழல் புண்ணாகும். மெத்தோட்ரெக்சேட் ஞாயிறு, அலென்ட்ரோனேட் புதன், டாக்ஸி வெள்ளி என்று பிரித்துக் கொடுத்தால் குழப்பமில்லை.

#15 ஆழியாறு_லேப்

வயல், மாடு என்று சொன்னதால் இரண்டு கிருமி. லேபுக்குத் தகவல் வராமல் தவறிப்போகிறவை இவை.

ஒன்று மெலியாய்டோசிஸ். மழைச் சேற்றுக் கிருமி, சர்க்கரை நோயும் இருந்தால் ஆபத்து அதிகம். சீழ்க்கட்டி, நிமோனியா, மூட்டில் சீழ் என்று எப்படியும் வரும். ஆக்சிடேஸ் பாசிட்டிவ் கிராம் நெகட்டிவ் என்று பார்த்துவிட்டு "சூடோமோனாஸ்" என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். ஜென்டமைசின், கோலிஸ்டின் இரண்டுக்கும் மசியாமல் அமாக்சிசிலின்–கிளாவுலனேட்டுக்கு மசிகிறது என்றால் நின்று யோசிக்கணும். சிகிச்சை செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது 10–14 நாள், அதன்பின் கோட்ரைமாக்சசோல் மூன்று மாதமோ கூடுதலாகவோ. மருந்தக அண்ணன் மேலே சொன்ன மோதல் இங்கேதான் வருகிறது. அந்தக் காலம் முழுக்க மெத்தோட்ரெக்சேட் இருக்கக் கூடாது.

இரண்டாவது புரூசெல்லா. காய்ச்சாத பால், ஆடு மாடு பிரசவம் பார்ப்பது. விட்டுவிட்டுக் காய்ச்சல், இடுப்பு வலி. வாதம் கூடிவிட்டது என்று நினைத்து ஸ்டீராய்டு ஏற்றுவாங்க. ரத்த கல்ச்சர் சீட்டில் "மாடு வளர்ப்பவர்" என்று ஒரு வார்த்தை எழுதுங்க. லேபில் இருப்பவருக்கும் அது பாதுகாப்பு.

#16 மூட்டு_மருத்துவர்

மூட்டில் சீழ் என்றதால் சொல்கிறேன். மற்ற மூட்டுகள் அடங்கியிருக்க, ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று வீங்கிச் சுட்டால், அதை வாதம் என்று எண்ணி ஸ்டீராய்டு ஊசி போடக் கூடாது. ஊசியால் நீரை எடுத்து அணு எண்ணிக்கை, கிராம் சாயம், கல்ச்சர். ஆன்டிபயாட்டிக் அதன் பிறகுதான். காய்ச்சல் இல்லையே என்று ஏமாற வேண்டாம், ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்கும். டோசிலிசுமாப் என்ற உயிரியல் ஊசி போட்டவரிடம் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ரத்த அளவும் ஏறாது. நாடித்துடிப்பு, மூச்சு வேகம், சோர்வு இவற்றைப் பாருங்கள்.

காய்ச்சலோ கட்டியோ தராமல் ஒளிந்திருப்பவை இரண்டு. ஹெப்படைட்டிஸ் பி: எச்.பி.எஸ்.ஏ.ஜி. (இப்போதைய தொற்றின் அடையாளம்) மட்டும் பார்த்தால் போதாது, ஆன்ட்டி எச்.பி.சி. மொத்தமும் (பழைய தொற்றையும் காட்டுவது) பார்க்க வேண்டும், குறிப்பாக ரிட்டுக்சிமாப் என்ற உயிரியல் ஊசிக்கு முன். பாசிட்டிவ் என்றால் என்டெகாவிர் 0.5 மி.கி. வெறும் வயிற்றில், அல்லது டெனோஃபோவிர். ரிட்டுக்சிமாப் முடிந்தபின்னும் குறைந்தது 12 மாதம் தொடரணும். வாதம் அடங்கிவிட்டது என்று பாதியில் நிறுத்தினால் ஈரல் ஒரேயடியாகப் பற்றிக்கொள்ளும். அடுத்து ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு, வெறுங்காலில் மண் வழியாக ஏறுவது. ஸ்டீராய்டைப் பெரிய அளவில் ஏற்றினால் புழு உடம்பெங்கும் பரவிக் குடல் கிருமிகளை ரத்தத்துக்குக் கொண்டுபோகும். இயோசினோஃபில் என்ற வெள்ளணு ஏறவில்லை என்பது புழு இல்லை என்பதற்குச் சான்றாகாது. ஐவர்மெக்டின் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், 60 கிலோ என்றால் 12 மி.கி., ஒன்று அல்லது இரண்டு நாள். அல்பென்டசோல் இதற்கு வலுக் குறைவு.

தடுப்பூசி சுருக்கமாக: வருடா வருடம் ஃப்ளூ, நிமோகாக்கல், அக்கிக்கு உயிரற்ற வகை இரண்டு டோஸ். உயிருள்ள தடுப்பூசிகள் வேண்டாம். ஃப்ளூ ஊசிக்குப் பின், வாதம் அடங்கியிருந்தால், மெத்தோட்ரெக்சேட்டை இரண்டு வாரம் தள்ளினால் பலன் கூடும்.

#17 காசநோய்ப்பிரிவு_செவிலி

டாக்டர், காசநோய் மருந்து தொடங்கியதும் "மூட்டு வலி தாங்க முடியலை" என்று மருந்தையே விட்டுவிடுகிறவங்க இருக்காங்க. அது காசநோய் மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின் வேலைதானே?

#18 மூட்டு_மருத்துவர்

பெரும்பாலும் அதுதான். ரிஃபாம்பிசின் ஈரலை முடுக்கி பிரெட்னிசோலோனைச் சீக்கிரம் கரைத்துவிடும். சாப்பிடும் அளவில் பாதிக்கும் குறைவாகத்தான் வேலை செய்யும். மூட்டு வீங்குவதோடு, அட்ரீனல் குறைவால் தலைசுற்றல், வாந்தியும் வரும். பிரெட்னிசோலோனைச் சுமார் இரண்டு மடங்காக்க வேண்டும். டோஃபாசிட்டினிப்பும் இதே வழியில் செல்லாக்காசாகிவிடும், காசநோய் இருக்கும்போது அதை எப்படியும் கொடுக்க மாட்டோம். பைரசினமைடாலும் யூரிக் அமிலம் ஏறி மூட்டு வலிக்கும், அதையும் பாருங்கள்.

#19 வடகரப்பதி_களப்பணி

ஆறு மாசம் முடிந்து ரிஃபாம்பிசினை நிறுத்தின பிறகு அந்த இரட்டை அளவை யார் குறைக்கிறாங்க? இங்கே மருந்து முடித்து அனுப்பிடறாங்க, கோவைக்கு அடுத்த சீட்டு மூணு மாசம் கழிச்சுத்தான்.

#20 மூட்டு_மருத்துவர்

அந்த இடத்தில்தான் ஆள் வேண்டும்மா. ரிஃபாம்பிசின் நின்ற இரண்டு வாரத்தில் ஈரல் பழைய நிலைக்கு வந்துவிடும். அப்போது இரட்டை அளவு முழு வேகத்தில் வேலை செய்து சர்க்கரை, ரத்த அழுத்தம், அடுத்த தொற்று எல்லாம் ஏறும். கடைசி ரிஃபாம்பிசின் தேதியைச் சிகிச்சை தொடங்கும் நாளிலேயே சீட்டில் எழுதி, அதிலிருந்து 14-ம் நாளில் மூட்டு மருத்துவரைப் பார்க்க நாள் வாங்கிவிடுங்கள். வர முடியாவிட்டால் போனிலாவது கேட்க வேண்டும். அளவை ஒரேயடியாகப் பாதியாக்காமல் படிப்படியாக இறக்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தி வைத்திருந்தால், ஈரல் பரிசோதனை சரியாக வந்தபின் அதே சந்திப்பில் மறுபடி தொடங்கலாம்.

#21 காசநோய்ப்பிரிவு_செவிலி

எங்கள் காசநோய் அட்டையின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கு. கடைசி டோஸ் தேதி, ஸ்டீராய்டு பழைய அளவு, இப்போதைய அளவு, மெத்தோட்ரெக்சேட் நிறுத்திய தேதி, மூட்டு மருத்துவரின் ஊர், இந்த ஐந்தையும் அங்கே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். அக்கா, உங்க பக்கம் மருந்து முடிக்கப் போகிறவங்க பட்டியலை எடுத்து வைங்க, முதலில் அவங்களிலிருந்து ஆரம்பிக்கலாம்.